பதில் வரும்வரை: ராமானுஜனின் காத்திருப்பும் சந்திரசேகரின் காத்திருப்பும்

'அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்' என்ற அமெரிக்க வானியற்பியல் ஆய்விதழின் 1931 ஜூலை இதழில் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை இருக்கிறது. வெண்குறுமீன் எனப்படும் முதிர்ந்த விண்மீன் அதிகபட்சம் எவ்வளவு நிறை தாங்கும் என்பதைப் பற்றியது. கடைசி வரிக்குக் கீழே எழுதியவர் இடமும் நாளும் குறித்திருக்கிறார்: டிரினிட்டி கல்லூரி, கேம்பிரிட்ஜ், 1930 நவம்பர் 12. எழுதியவர் எஸ். சந்திரசேகர். அன்று அவருக்கு வயது 20. அந்தத் தேதிக்கும் கட்டுரை அச்சில் வந்ததற்கும் நடுவே எட்டு மாதம்.

அதற்கு இருபது வருடம் முன்பு, 1911இல், இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழ் பெர்னூலி எண்களின் பண்புகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டது. ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை அது. கும்பகோணத்துப் பிள்ளை, பட்டம் இல்லை, நிலையான வேலை இல்லை. கட்டுரை அவருக்கும் இதழாசிரியருக்கும் இடையே தபாலில் திரும்பத் திரும்பப் போய்வந்த பிறகே அச்சேறியது.

இருவரும் தமிழர்கள். இருவரும் இளம்வயதில் பெரியவர்கள் கையில் தாளைக் கொடுத்துவிட்டுப் பதிலை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள். ஆனாலும் அவர்கள் பட்ட பாடு ஒன்றில்லை. அந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் இருப்பது சங்கரன்கோவிலில். இந்த ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து பி.எச்டி. பண்ணுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரியே அவர்களாக இருப்பதும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் வீட்டு முன்கூடத்தில் விசைத்தறி ஓடுகிறது. அந்த இரைச்சலில் போன் அடித்தால் கேட்காது. ஆகவே நூல் அறுந்து தறி நிற்கும்போதெல்லாம், இழையை முடிந்துவிட்டு, ஜன்னல் திண்டில் வைத்த போனை எடுத்து இதழின் இணையதளத்துக்குள் போய்ப் பார்ப்பாள். கார்த்திகையில் அனுப்பிய கட்டுரை. ஆடி பிறந்தும் திரையில் அதே இரண்டு சொல்தான்: 'அண்டர் ரிவ்யூ'. அவள் அம்மா கேட்பது இது: "ஏட்டி, ஒன் பேப்பர இன்னுமா அவிய வாசிச்சு முடிக்கல?"

அந்த அம்மாவின் கேள்வி சரியான கேள்வி. யார் வாசிக்கிறார், உண்மையில் வாசிக்கிறாரா, வாசித்துவிட்டு என்ன நினைத்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ராமானுஜனுக்கும் சந்திரசேகருக்கும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள் வேறு வேறு.

ராமானுஜன் 1910இல் திருக்கோவிலூருக்குப் போய் வி. ராமசாமி ஐயரைப் பார்த்தார். ஐயர் அங்கே டெபுடி கலெக்டர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. ராமானுஜன் கேட்கப் போனது ஒரு குமாஸ்தா வேலை. கையில் கொண்டுபோனது கணக்கு நோட்டுகள். நோட்டுகளைப் புரட்டிய ஐயருக்கு இந்த மனிதனை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைக்க மனம் வரவில்லை. சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அப்படி ஒருவர் கைமாற்றி ஒருவரிடம் போய், கடைசியில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் தன் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் தர ஒப்புக்கொண்டார். ராமானுஜன் அதை வைத்துக்கொண்டு சென்னையில் தங்கிக் கணிதம் செய்தார்.

கணிதக் கழகத்தின் இதழ் 1909இல் தொடங்கியது. ஆசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். இதழில் வாசகர்கள் கணக்குக் கேள்வி விடுப்பதும் மற்ற வாசகர்கள் விடை அனுப்புவதுமாக ஒரு பகுதி இருந்தது. ராமானுஜன் உள்ளே நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். 289ஆம் எண் கேள்வி அவருடையது. வர்க்கமூலத்துக்குள் ஒரு வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவே இல்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும் ஒரு கோவையின் மதிப்பு என்ன என்று கேட்டிருந்தார். ஏறக்குறைய ஆறு மாதம் ஓடியது. ஒருவரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே எழுதி அனுப்பினார். விடை 3. ராமானுஜன் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. கட்டுரை போட இடம் கேட்கும் நிலையில் இருந்த ஓர் இளைஞன், அதே இதழின் வாசகர்கள் அத்தனை பேரையும் விடைக்காகக் காக்கவைத்திருக்கிறான்.

அடுத்து பெர்னூலி எண்கள். இங்கேதான் ஐயங்காருக்கு உண்மையான சோதனை வந்தது. ராமானுஜன் கணிதம் கற்றது பெரும்பாலும் கார் என்பவர் தொகுத்த ஒரு சூத்திரப் புத்தகத்திலிருந்து. அதில் ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக இருக்கும். நிறுவல் இருந்தால் ஒரு வரிக் குறிப்பாக இருக்கும். தாள் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றிக்கொள்வது அவர் பழக்கம். வழி சிலேட்டோடு அழிந்துவிடும். இப்படிப் பழகியவர் கட்டுரை எழுதினால் எப்படி இருக்கும்? ஐயங்காரே பின்னாளில் சொன்னதன் சாரம் இது: முறைகள் புதுமையானவை, மிகச் சுருக்கமானவை, எழுத்தில் தெளிவும் துல்லியமும் போதவில்லை, சாதாரணக் கணித வாசகரால் பின்தொடர முடியவில்லை.

ஓர் இதழாசிரியர் இந்த இடத்தில் எளிதாக எடுக்கக்கூடிய முடிவு நிராகரிப்பு. எழுதியவருக்குப் பட்டம் இல்லை, எழுத்து புரியவில்லை. யாரும் அவரைக் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஐயங்கார் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். ராமானுஜன் திருத்தி அனுப்பினார். மறுபடி பெங்களூர், மறுபடி சென்னை. ஒவ்வொரு முறை உறை திரும்பி வரும்போதும், இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே உன் மனத்துக்குள் என்ன நடந்தது, அதையும் எழுது என்று ஒருவர் கேட்டிருக்கிறார் என்று பொருள். அச்சான வடிவத்திலும் சில தேற்றங்களுக்கு நிறுவல் உண்டு, சில வெறும் ஊகமாகவே நிற்கின்றன. ஐயங்கார் அதையும் பொறுத்துக்கொண்டார். இதை இதழியல் நிர்வாகம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆய்வுக் கட்டுரை எப்படி எழுதப்படும் என்பதை ராமானுஜன் முதன்முதலில் கற்ற வகுப்பு அந்தத் தபால் போக்குவரத்துதான். கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி வந்தது பிறகு.

பலனும் கைமேல் வந்தது. இதழில் பெயர் வந்ததால் கணித வட்டாரத்தில் ராமானுஜன் யார் என்று தெரிந்தது. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

சந்திரசேகரின் கதை இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து தொடங்குகிறது. சி. வி. ராமனின் அண்ணன் மகன். சென்னை மாநிலக் கல்லூரியின் ஒளிமிக்க மாணவர். இந்திய அரசின் உதவித்தொகையோடு 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். எழுத்துத் தெளிவில் குறை சொல்ல யாராலும் முடியாது. 1929இலேயே, சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோதே, அவருடைய கட்டுரை ஒன்று லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்துவிட்டது. அந்தக் கட்டுரையை அங்கே சேர்த்தவர் கேம்பிரிட்ஜின் ஆர். எச். ஃபௌலர். ஆக, ராமானுஜனிடம் இல்லாத அனைத்தும் இவரிடம் இருந்தன: பட்டம், பணம், குடும்பம், உள்ளே ஓர் ஆதரவாளர்.

கப்பலில் அவர் போட்ட கணக்குதான் வில்லங்கமானது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீனாகி அமைதியடைந்துவிடும் என்று ஃபௌலர் சொல்லியிருந்தார். அந்தக் கணக்கில் சார்பியலைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேலே போன விண்மீனால் அப்படி அமைதியடையவே முடியாது என்று வந்தது. கேம்பிரிட்ஜ் போனதும் ஃபௌலர் கையில் இரண்டு கட்டுரை கொடுத்தார். வெண்குறுமீன்களின் அடர்த்தி பற்றிய முதல் கட்டுரையை ஃபௌலர் உடனே ஓர் இதழுக்கு அனுப்பினார். 1931 பிப்ரவரியில் அது வெளிவந்தது. எல்லை நிறை பற்றிய இரண்டாவதைத் தன்னால் தீர்மானிக்க முடியாமல் வானியற்பியலர் ஈ. ஏ. மில்னுக்கு அனுப்பினார். விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி மில்ன் அப்போது சொந்தமாக ஒரு கொள்கையை வளர்த்துக்கொண்டிருந்தார். சந்திரசேகரின் முடிவு அதற்கு இடைஞ்சல். மில்ன் உற்சாகம் காட்டவில்லை. யாரும் தவறு என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. வாரங்கள் போயின.

நவம்பரில் அந்த இளைஞர் பொறுமை இழந்து, கட்டுரையைத் தானே அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார். அங்கே மதிப்பீட்டாளர் ஒருவர் ஒரு சமன்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சந்திரசேகர் அதை வருவித்துக் காட்டி எழுதினார். கட்டுரை ஏற்கப்பட்டது. கேள்வி ஒரு கப்பலில், விடை இன்னொரு கப்பலில். இதற்கிடையில் 1931 மே மாதத்தில் சென்னையில் அவர் அம்மா சீதாலட்சுமி இறந்துபோனார். நோயில் கிடந்தபோதும் மகனை வெளிநாடு போகச் சொல்லி வற்புறுத்தியவர் அவர்தான். இரண்டே பக்கக் கட்டுரை ஜூலையில் வந்தபோது அவர் இல்லை.

இப்போது இரண்டையும் நெருக்கிவைத்துப் பார்க்கலாம்.

ராமானுஜனின் கட்டுரை தாமதமானதற்குக் காரணம், அவர் சொன்னது புரியவில்லை. சந்திரசேகரின் கட்டுரை தாமதமானதற்குக் காரணம், அவர் சொன்னது நன்றாகவே புரிந்தது, ஏற்கத்தான் மனமில்லை. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து மற்ற எல்லா வித்தியாசமும் கிளைக்கிறது. முதல் வகைத் தாமதத்தை எழுதியவர் தன் உழைப்பால் குறைக்க முடியும். இன்னொரு நிறுவல், இன்னும் நாலு வரி விளக்கம், ஒரு மாதிரிக் கணக்கு என்று எழுதிச் சேர்க்கச் சேர்க்க வழி திறக்கும். இரண்டாம் வகையில் எழுதியவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. எவ்வளவு தெளிவாக எழுதினாலும் எதிரில் இருப்பவரின் தயக்கம் கரையாது. தெளிவு கூடக்கூடத் தயக்கம் கூடினாலும் கூடும். அங்கே செய்யத்தக்கது ஒன்றுதான்: வேறு கதவைத் தட்டுவது. சந்திரசேகர் அதைச் செய்தார். இருபது வயதில், பெரியவர்களைப் பகைத்துக்கொள்ளாமல், அதேசமயம் அவர்கள் பதிலுக்காக உட்கார்ந்துகொண்டும் இராமல் செய்தார். அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

பக்கத்தில் இருப்பவர் நல்லவர், தூரத்தில் இருப்பவர் கல்நெஞ்சர் என்றும் இதைப் படித்துவிடக் கூடாது. ராமானுஜனின் கடிதங்களைக் கேம்பிரிட்ஜின் இரண்டு பெரிய கணிதர்கள் கருத்துச் சொல்லாமல் ஒதுக்கினார்கள். அதே ஊரிலிருந்து ஹார்டி, 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதத்துக்குப் பிப்ரவரி 8 அன்றே பதில் எழுதினார். பிப்ரவரி 27 அன்று ராமானுஜன் அதற்கு மறுமொழி எழுதுகிறார். கப்பல் தபால் காலத்தில், முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தாவின் கடிதத்தைப் படித்துத் தீர்மானித்துப் பதில் கைக்கு வந்து சேர மொத்தம் ஆறே வாரம். ஐயங்காரும் ஹார்டியும் சந்திரசேகரின் அமெரிக்க மதிப்பீட்டாளரும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகிறார்கள். மூவரும் எழுதியவரிடம் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். எங்கே இடறுகிறது என்று சொன்னார்கள். மில்னிடமிருந்து வராமல்போனது அதுதான். காத்திருப்பவரைத் தின்பது நாட்களின் எண்ணிக்கை என்று நான் நம்பவில்லை. எட்டு மாதத்தில் நாலு கேள்வி வந்தால் அந்த எட்டு மாதமும் வேலைநாள். ஒன்றும் வராவிட்டால் எட்டு வாரம்கூட ஆளை அரித்துவிடும்.

மதிப்பீட்டாளர் என்ற முன்பின் அறியாத வாசகரே அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பழக்கமானவர் இல்லை. 1936இல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழின் ஆசிரியர் ஜான் டேட், ஐன்ஸ்டைனும் ரோசனும் எழுதிய கட்டுரையை வெளியாள் ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்டதற்காக ஐன்ஸ்டைன் கடும் கோபத்தோடு கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஈர்ப்பு அலைகளே இல்லை என்று அந்தக் கட்டுரை சொன்னது. பிழையைக் கண்டுபிடித்தவர் அந்த மதிப்பீட்டாளர். வேறோர் இதழில் அது வருவதற்குள் முடிவு திருத்தப்பட்டுவிட்டது. தாமதம் ஐன்ஸ்டைனையும் காப்பாற்றியது. காத்திருப்பை ஒழித்துவிட வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ராமானுஜன் 32 வயதில் போய்விட்டார். எந்த இதழுக்கும் ஆசிரியராக இருந்ததில்லை. சந்திரசேகருக்கோ காத்திருந்த அதே வாசலுக்கு உள்ளே உட்காரும் வாய்ப்பு வந்தது. 1952 முதல் 1971 வரை அவர் 'அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலின்' நிர்வாக ஆசிரியர். வருடத்துக்கு ஆறு இதழ் வந்துகொண்டிருந்த பத்திரிகை அவர் காலத்தில் பல மடங்கு பெருத்து உலகின் முதல் வரிசைக்கு வந்தது. அதற்கு விலையாகத் தன் ஆய்வு நேரத்தை அவர் கொடுத்தார்.

அந்த நாற்காலியில் அவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் பார்க்கர் என்ற இளம் இயற்பியலர், சூரியனிலிருந்து துகள்கள் ஒலியைவிட வேகமாக எல்லாத் திசையிலும் வீசிக்கொண்டே இருக்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார். சூரியக் காற்று என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் படிப்பது அதுதான். இரண்டு மதிப்பீட்டாளர்களுமே வேண்டாம் என்றார்கள். நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து எழுதட்டும் என்கிற தொனியில் ஒருவர் கருத்து இருந்ததாகப் பார்க்கர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சந்திரசேகர் அந்த இரண்டு அறிக்கையோடு பார்க்கரின் அறைக்கே போனார். துறை நிபுணர்கள் இருவர் மறுத்துவிட்டார்களே, உண்மையிலேயே இதை வெளியிட விரும்புகிறாயா என்று கேட்டார். அவர்கள் கணக்கில் பிழை காட்டியிருக்கிறார்களா என்று பார்க்கர் திருப்பிக் கேட்டார். காட்டவில்லை. சந்திரசேகருக்கும் பார்க்கரின் கருத்தில் உடன்பாடு இல்லை. ஆனால் அவர் தேடியும் கணக்கில் பிழை அகப்படவில்லை. கட்டுரை 1958 நவம்பர் இதழில் வெளிவந்தது. 1962இல் மேரினர் 2 விண்கலம் வெள்ளிக்குப் போகும் வழியில் சூரியக் காற்றை அளந்து உறுதிசெய்தது. 2018 ஆகஸ்ட் 12 அன்று பார்க்கரின் பெயரைத் தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிக் கிளம்பியபோது, 91 வயதில் அவரே அருகில் இருந்து பார்த்தார்.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது சந்திரசேகரின் உடன்பாடின்மையை. தனக்குப் பிடித்த கருத்தை வெளியிடப் பெரிய நேர்மை தேவையில்லை. தனக்கே நம்பிக்கையில்லாத ஒன்றை, 'பிழை காட்ட என்னால் முடியவில்லை' என்ற ஒரே காரணத்துக்காக வெளியிடுவது வேறு விஷயம். 1930இல் அவருடைய இரண்டு பக்கத்துக்குப் பெரியவர்களிடமிருந்து கிடைக்காத நீதியை அவர் 1958இல் இன்னொருவருக்குச் செய்தார். 1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் கழகத்தில் வானியலாளர் எடிங்டன் எழுந்து நின்று அவருடைய எல்லை நிறைக் கருத்தைக் கேலி செய்தபோதும், யாரும் கணக்கில் பிழை காட்டவில்லை. அப்படி ஒன்று இயற்கையில் நடக்காது என்றுதான் சொன்னார்கள். அந்த வாதம் எவ்வளவு பொள்ளலானது என்று அனுபவித்தவர் அவர். நோபல் பரிசு வந்தது 1983இல்.

ராமானுஜன் பக்கம் இதற்கு இணையாக வைக்க வேறு ஒரு செய்தி இருக்கிறது. 1915இல் லண்டன் கணிதக் கழகம் 'மிகு பகு எண்கள்' பற்றிய அவருடைய பெரிய கட்டுரையை வெளியிட்டது. போர்க்காலம், கழகத்துக்குப் பண நெருக்கடி. கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அந்தத் தாள்கள் கேம்பிரிட்ஜில் தங்கிப்போயின. அவை திருத்திப் பதிப்பிக்கப்பட்டு வெளிவந்தது 1997இல், அவர் பெயரிலேயே தொடங்கிய 'ராமானுஜன் ஜர்னல்' இதழின் முதல் தொகுதியில். இடையில் 82 வருடம். கருத்து மறுப்பாலோ எழுத்துக் குறையாலோ நேர்ந்த தாமதம் இல்லை இது; அச்சுக்கூலியால் நேர்ந்தது. ஐயங்காரைப் போன்ற ஒருவர் மீதிப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் போடலாமா என்று கேட்டிருந்தால் என்று தோன்றாமல் இல்லை.

சங்கரன்கோவில் பெண்ணின் கட்டுரைக்கு வருவோம். அவளுடைய தாமதம் எந்த வகை? அவளுக்குத் தெரியாது. அதுதான் இன்றைய காத்திருப்பின் கொடுமை. எழுத்து புரியவில்லையா, கருத்து பிடிக்கவில்லையா, மதிப்பிட ஆள் கிடைக்கவில்லையா, ஒப்புக்கொண்ட ஆள் மறந்துவிட்டாரா? 'அண்டர் ரிவ்யூ' என்ற இரண்டு சொல்லுக்குள் இத்தனையும் அடங்கும். மதிப்பீட்டாளருக்கு எழுதியவரின் பெயர் தெரியாமலும் எழுதியவருக்கு மதிப்பீட்டாளரின் பெயர் தெரியாமலும் வைப்பதற்கு நியாயம் உண்டு. எங்கள் பக்கத்து மேலநீலிதநல்லூர்க் கல்லூரியின் பெயரைப் பார்த்ததும் ஒதுக்கிவிடாமல் இருக்க அது பாதுகாப்பு. ஆனால் ஆசிரியரும் சேர்ந்து மறைந்துகொள்ள அதில் நியாயம் ஏதும் இல்லை.

விதிகளும் இந்தப் பிள்ளைகளை அலைக்கழித்திருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 ஒழுங்குமுறைப்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும். 2022 ஒழுங்குமுறை அந்தக் கட்டாயத்தை நீக்கியது. எந்த இதழ் தரமானது என்று சொல்ல வைத்திருந்த 'கேர் லிஸ்ட்' 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. கட்டாயம் போனாலும் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரை கேட்பது போகவில்லை. அந்த அவசரத்தை நம்பிப் பிழைக்கிற இதழ்கள் உண்டு. பணம் கட்டினால் சில நாளில் ஏற்புக் கடிதம் வந்துவிடும். யாரும் படிப்பதில்லை, அதனால் காத்திருக்க வேண்டியதும் இல்லை. ராமானுஜனின் 1911 கட்டுரை அப்படி ஓர் இதழுக்குப் போயிருந்தால் முதல் படியே அப்படியே அச்சாகியிருக்கும். ஒருவருக்கும் புரியாமல் கிடந்திருக்கும். நிறுவலை எழுதப் பழகவும் வாய்ப்புக் கிடைத்திருக்காது. காசு கொடுத்து இந்தப் பிள்ளைகள் இழப்பது அந்த வாய்ப்பைத்தான். அதை அவர்களிடம் சொல்ல ஆள் இல்லை என்பது எனக்கு ஆற்றாமை.

ஒவ்வோர் ஆடியிலும் எங்கள் ஊர் ஒரு தவத்தைப் பார்க்கிறது. ஆடித்தபசு அன்று கோமதி அம்மன் தெற்கு ரதவீதியில் தபசு மண்டபத்தில் வந்து நிற்பாள். சாயங்காலம் சுவாமி சங்கரநாராயணராக எதிரே வந்து காட்சி கொடுக்கும்வரை, வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஜனம் கலையாமல் நிற்கும். உத்திராடம் என்றைக்கு, சப்பரம் எப்போது புறப்படும், காட்சி எப்போது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருப்பதால்தான் நிற்க முடிகிறது. ஆய்விதழிடம் இவ்வளவு துல்லியம் கேட்பது நியாயமில்லை. மதிப்பீடு நாள்பார்த்து முடிகிற வேலை இல்லை. ஆனால் இரண்டு காரியங்களைக் கேட்கலாம், கேட்டே ஆக வேண்டும்.

முதலாவது, தேதிகளை அச்சிடுவது. கட்டுரை வந்த நாள், திருத்தம் வந்த நாள், ஏற்கப்பட்ட நாள் மூன்றையும் கட்டுரையின் அடியில் போடுவது உலகின் பல அறிவியல் இதழ்களில் வழக்கம். தமிழாய்வு இதழ்கள் எல்லாம் இதைச் செய்யலாம். கூடுதல் செலவு ஒரு வரி. சந்திரசேகர் தானே குறித்த அந்த ஒரு தேதி இருப்பதால்தான் அவர் எத்தனை மாதம் காத்திருந்தார் என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. ஓர் இதழின் மூன்று வருடத் தேதிகளைப் புரட்டினால், இங்கே அனுப்பினால் எத்தனை மாதம் ஆகும் என்பது ஓர் ஆய்வு மாணவிக்குத் தெரிந்துவிடும். எந்த இதழ் படிக்காமலே ஏற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, மூன்று மாதம் தாண்டினால் ஆசிரியர் தன் பெயரில் நாலு வரி எழுதுவது. மதிப்பீட்டாளர் ஒருவர் கருத்துத் தந்துவிட்டார், இன்னொருவருக்காகப் பார்க்கிறோம் என்றோ, நாங்கள் கேட்ட இருவரும் மறுத்துவிட்டார்கள், வேறு ஆள் தேடுகிறோம் என்றோ எழுதினால் போதும். கட்டுரை எந்த நிலையில் நிற்கிறது என்று அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். வேறு இதழைப் பார்ப்பதா, காத்திருப்பதா என்று அவரே முடிவு செய்துகொள்ளலாம்.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதும் இதைத்தான்: ஆசிரியருக்கு எழுது. கெஞ்ச வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். கட்டுரையின் தலைப்பு, எண், அனுப்பிய தேதி. மதிப்பீடு எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி. குறிப்பிட்ட தேதிக்குள் தகவல் இல்லாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற்று வேறு இதழுக்கு அனுப்ப அனுமதி வேண்டும் என்ற ஒரு வரி. எழுதியிருக்கிறாள். கட்டுரையின் மூன்றாம் பகுதியில் ஒரு நிறுவல் சற்று அவசரமாக இருப்பதாக அவளுக்கே தோன்றியிருக்கிறது. பதில் எதுவானாலும் அதை விரித்து எழுதும் வேலையை இப்போதே தொடங்கிவிட்டாள்.